பக்கத்தில் போய்ப் பேசு

பேச்சு டீச்சருக்கு உட்கார்ந்து சாப்பிட வராது. காலையில் சமையலறை மேடையில் சாய்ந்தபடி தட்டைக் கையில் ஏந்தி, ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் பஸ் வரும் திசையிலுமாக விழுங்கிவிட்டு ஓடுவாள். "எப்பப் பாரு, கால்ல வெந்நியைக் கொட்டிக்கிட்ட மாதிரியே நிக்கிறியே" என்று அண்ணி சலித்துக்கொள்வாள்.

நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு உறவுக்காரர்களே ஓய்ந்துபோய்விட்டார்கள். அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். பேச்சிலும் குரலிலும் சிக்கல் உள்ள பிள்ளைகளைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். படித்த படிப்புக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூட வாட்ச்மேன் வாயில் அது நுழையவில்லை, 'பேச்சு டீச்சர்' என்று அவர் சுருக்கினார், அதுவே நின்றுவிட்டது.

முதலில் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தாள். சத்தம் புகாத அறை, நல்ல நாற்காலி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வருவாள், பயிற்சி நடக்கும், போய்விடுவார்கள். போன பிறகுதான் இவளுக்குக் குடைச்சல் தொடங்கும். இங்கே அழகாகச் சொன்ன வார்த்தையை அந்தப் பிள்ளை வகுப்பில் சொல்லுமா? விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்களா, இல்லை சிரிப்பார்களா? பஸ்ஸில் போகும்போதும் அதே நினைப்பு. "வெளியில என்ன நடக்குதுங்கிறது நம்ம வேலை இல்லம்மா" என்றார் மேலதிகாரி. பள்ளிக்கூடங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஒப்பந்த வேலைக்கு மாறினாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

நாலு பள்ளிக்கூடம் அவள் பொறுப்பு. ஒன்றில் நூலகத்து மூலை. ஒன்றில் பந்துகளும் வலைகளும் அடைத்துவைத்த அறை, உள்ளே போனால் ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஒன்றில் மாடிப்படிக்கு அடியில், தலை நிமிராமல் உட்கார வேண்டிய இடம். இந்தக் கதை நடந்த பள்ளியில் அவளுக்குத் தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டிய ஒரு சின்ன அறை. மோட்டார் ஓடினால் ஒன்றும் கேட்காது. ஓடாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கிடைக்காது. இதை வைத்து அவளுக்கும் வாட்ச்மேனுக்கும் நாள் தவறாமல் வாக்குவாதம்.

ஆசிரியர்கள் அவளிடம் அனுப்புகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். 'க' வராமல் 'த' சொல்கிறவர்கள், கதவைத் ததவு என்பவர்கள். முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு கண்ணை மூடித் திணறுகிறவர்கள். வாயே திறக்காதவர்கள். பேசாத பிள்ளைதான் ஆசிரியர் கண்ணில் படும். சத்தம் போடுகிற பிள்ளையை இதுவரை யாரும் அவளிடம் அனுப்பியதில்லை.

அவளுக்கும் ஒரு நோய் உண்டு. காது சும்மா இருக்காது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால், "அடிக்கடி தண்ணி குடிங்கண்ணே, தொண்டை காஞ்சு கிடக்கு" என்பாள். போனில் யாராவது நலம் விசாரித்தால் சொல்வதை விட்டுவிட்டு மூச்சு எங்கே இடறுகிறது என்று கவனிப்பாள். "உன்கிட்ட மனசு விட்டுப் பேசவே பயமா இருக்கு" என்று அண்ணி சொன்னது பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அந்தக் காது ஒரு நாள் அவளை இழுத்துக்கொண்டு போனது. 'க' வராத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாக்கின் பின்பக்கம் எங்கே தொட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். மோட்டார் நின்றிருந்தது. மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சைலன்ஸ்!"

குழந்தைக் குரல்தான். ஆனால் பாதி வழியில் கிழிந்தது. 'சை' கனமாக வந்தது, 'லன்' உடைந்து காற்றாகப் போனது, கடைசியில் வந்தது தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. பேச்சு டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

ஐந்தாம் வகுப்பு. வகுப்பாசிரியை தலை குனிந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். கரும்பலகைக்கு முன்னால் ஒரு பெண், ஒல்லி, காலர் தொங்குகிற சட்டை. ஸ்கேலை மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கத்தினாள். கழுத்து நரம்பு இரண்டும் கயிறு மாதிரி புடைத்து எழுந்தது. வகுப்பு கப்சிப்.

"நம்ம ஹாரன்" என்றார் வகுப்பாசிரியை பெருமையாக. அவர் குரலும் கரகரத்துத்தான் கிடந்தது. "இவ ஒருத்தி இல்லன்னா இந்தக் கூட்டத்தை என்னால மேய்க்க முடியாது மேடம். என் தொண்டை எப்பவோ செத்துப்போச்சு."

"கொஞ்ச நேரம் இவளைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"எதுக்கு? இவ நல்லாப் பேசுவாளே!"

ஹாரனும் அதையேதான் சொன்னாள். "நான் நல்லாப் பேசுவேன் டீச்சர். எனக்கு எல்லா எழுத்தும் வரும்."

"தெரியும். சும்மா ஒரு விளையாட்டு. மூச்சை இழுத்துக்கோ. 'ஆ'ன்னு விடாமச் சொல்லு, எவ்வளவு நேரம் முடியுதோ அவ்வளவு நேரம்."

அவள் இழுத்தாள். சொன்னாள். குரல் தொடங்குவதற்கு முன்னால் காற்று வந்தது. குரல் வந்த பிறகும் நடுநடுவே அறுந்தது. அவள் வயதுப் பிள்ளை நிறுத்துகிற நேரத்தில் பாதிகூடத் தாங்கவில்லை. கீழிருந்து மேலே குரலை ஏற்றச் சொன்னாள் டீச்சர். பாதி ஏறியதும் குரல் காணாமல் போனது, வாய் மட்டும் திறந்திருந்தது.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"எப்பவும் இப்படித்தான்."

"காலையில எழுந்ததும்?"

"காலையில நல்லா வரும் டீச்சர். சாயங்காலம் வெறும் காத்துதான்." அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. தொண்டை டாக்டருக்குச் சீட்டு எழுதி, அம்மாவை வரச் சொன்னாள்.

அம்மா தையல்காரி. மெலிந்த உருவம். பேச ஆரம்பித்ததும், ஊர்க்காரர்கள் குரலையெல்லாம் எடை போடுகிற பேச்சு டீச்சரே குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெல்லிய குரல். ஆஸ்பத்திரியில் மெல்லிய குழாயில் கேமராவை வைத்து டாக்டர் பிள்ளையின் குரல்நாண்களைத் திரையில் காட்டினார். வெள்ளையாக இரண்டு பட்டைகள். இரண்டிலும் நடுவே, நேருக்கு நேராக, சின்னச் சின்ன முடிச்சு.

"கைல காப்புக் காய்க்குதுல்ல, அந்த மாதிரி" என்றார் டாக்டர். "கத்திக் கத்தி ரெண்டும் மோதிக் காய்ச்சுப்போயிருக்கு. இந்த வயசுல ஆபரேஷன் வேண்டாம். பயிற்சி கொடுங்க. ஆனா கத்துறது நிக்கலன்னா எந்தப் பயிற்சியும் ஆத்துல கரைச்ச புளி மாதிரிதான்."

வெளியே வந்ததும் டீச்சர் அம்மாவிடம் கேட்டாள். "வீட்டுல யாராவது சத்தமாப் பேசுவாங்களா?"

அம்மா முந்தானை நுனியைத் திருகினாள். "எங்க வீட்டுல கொஞ்சம் சத்தமாத்தான் பேசிக்குவோம்."

சொன்ன குரல் பக்கத்தில் போன தள்ளுவண்டிச் சத்தத்தில் பாதி மறைந்துவிட்டது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுகிற வீடா? வழியெல்லாம் டீச்சருக்கு அது உறுத்தியது. பொறுக்க முடியவில்லை. அந்த வாரமே வீட்டைத் தேடிப் போனாள்.

நெருக்கமான சந்து. ஒரு பக்கம் டயர் கடை, ஒரு பக்கம் மாவு மில். அதன் கடைசியில் முன்னறையும் பின்னறையுமாக ஒரு வீடு. பின்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில் அப்பா, இரும்பு அலமாரி செய்கிற பட்டறையில் தகடு தட்டுகிறவர், அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் அவசரமாக மறுபடியும் போட்டுக்கொண்டு, "வாங்க வாங்க" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி வரவேற்றார்.

பின்னறையிலிருந்து அம்மா மகளிடம் சொன்னாள், "அப்பாகிட்ட பெட்டிச் சாவி எங்கன்னு கேளு."

ஹாரன் நின்ற இடத்திலேயே கழுத்தை நீட்டினாள். "அப்பா! சாவி எங்க?"

"ஆவியா? என்ன ஆவி?"

"சாவிப்பா! சா...வி!"

"அதைச் சொல்லு முதல்ல" என்று பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அப்புறமும் இதுதான் நடந்தது. அம்மா மெல்லச் சொல்வாள், மகள் உரக்கச் சொல்வாள், அப்பா பதில் சொல்வார். அம்மா கணவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ வருஷமாக இப்படித்தான் என்பது பழகிய நடையில் தெரிந்தது. அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு முழுக்க இந்தப் பிள்ளையின் தொண்டை வழியாகத்தான் போய் வந்தது.

சாவியில் 'ச்' காணாமல் போய் ஆவி மட்டும் மிஞ்சியதை டீச்சரின் காது குறித்துக்கொண்டது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது அந்த மாதிரி கூர்மையான சத்தங்கள்தான்.

"உங்க காதை ஒருதடவை சோதிச்சுப் பாக்கலாம்" என்றாள்.

அவர் மகளைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

ஹாரன் வாயைத் திறந்தாள். டீச்சர் சட்டென்று கை காட்டி நிறுத்தினாள். எழுந்து போய் அவருக்கு எதிரே, முகம் தெரியும்படி உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள். இந்தத் தடவை அவருக்கு முழுசாகக் கேட்டது. முகம் சிவந்தது.

"பிள்ளைக்குத் தொண்டைன்னு வந்தீங்க, இப்ப என் காதைப் பிடிக்கிறீங்களா? என் காதுக்கு ஒண்ணும் இல்ல. இடி இடிச்சா நல்லாவே கேக்குது."

"இடி எல்லாருக்கும் கேக்கும். உங்க வீட்டம்மா பேசுறது கேக்குதா?"

"அவ எங்க பேசுறா?" என்றார் அவர்.

பின்னறையில் தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓடியது.

வாசல் வரை வந்து அம்மாதான் காரணத்தைச் சொன்னாள். காது கேட்காதவன் என்று பெயர் வந்தால் பட்டறையில் மெஷின் பக்கம் நிற்க விட மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். "அந்தப் பேச்சை எடுத்தாலே எரிஞ்சு விழுவார்."

வீட்டுக்கு வந்த டீச்சர் மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். துணி எடுக்க வந்த அண்ணி, "யார் வீட்டுப் பிள்ளைக்காக இன்னைக்கு இந்த நடை?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

பயிற்சி தொடங்கியது. ஹாரனுக்கு அவள் சொன்னது எளிது. கத்தாதே. கிசுகிசுக்கவும் வேண்டாம், அதுவும் தொண்டையை இறுக்கும். யாரிடம் பேச வேண்டுமோ அவர்கள் பக்கத்தில் போய்ப் பேசு. அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டிலும் உறிஞ்சு குழாயும் கொடுத்து, குழாயைத் தண்ணீருக்குள் விட்டு 'ஊ' என்று ஊதச் சொன்னாள். குமிழி கொப்பளித்தது. குரல் தொண்டையை நெரிக்காமல் வழுக்கிக்கொண்டு வர அது ஒரு வழி. அந்தப் பயிற்சி ஹாரனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. உதட்டைப் பர்ரென்று அதிரவிட்டு வண்டி ஓட்டுவதும் பிடித்தது. டீச்சர் சட்டையெல்லாம் எச்சில்.

பிடிக்காதது ஒன்றுதான். வகுப்புத் தலைமையை விடச் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது.

"என்கிட்ட வேற என்ன இருக்கு டீச்சர்? கணக்கு வராது. ஓட்டத்துல கடைசி. கத்துறதுல மட்டும்தான் நான் முதல்."

ஆறுதல் சொன்னால் இந்தப் பெண் அதைப் பொய் என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று டீச்சருக்குத் தோன்றியது. "தலைமையை விட வேண்டாம். கத்துறதை மட்டும் விடு. கத்தாம அடக்க முடியுமான்னு பாப்போம்" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து கைதட்டல் ஒன்றை அமைத்தார்கள். இவள் ஒரு தாளத்தில் தட்டினால் வகுப்பு அதே தாளத்தில் திருப்பித் தட்டிவிட்டு அமைதியாக வேண்டும். முதல் நாள் வகுப்புக்கு அது புது விளையாட்டு, பிரமாதமாக நடந்தது. மூன்றாவது நாள் பின்வரிசை வேண்டுமென்றே தாளத்தை மாற்றித் தட்டியது. வகுப்பாசிரியை நொந்துபோய், "ஒரே ஒரு தடவை கத்திடு கண்ணு" என்றார். ஹாரன் கத்தினாள். படியில் ஏறிக்கொண்டிருந்த பேச்சு டீச்சருக்கு அது தெளிவாகக் கேட்டது.

அன்று அவளுக்கும் வகுப்பாசிரியைக்கும் ஆசிரியர் அறையில் முட்டிக்கொண்டது.

"உங்களுக்கென்ன மேடம், ஒரு பிள்ளையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எனக்கு அங்க வகுப்புல கூரை பிச்சுக்கிட்டுப் போகுது."

"உங்க வகுப்பை அடக்க அவ தொண்டையை எடுத்துக்கிறீங்க. உங்க தொண்டைக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியுமே!"

வகுப்பாசிரியை நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் தானே மோட்டார் அறைப் பக்கம் வந்து, "அந்தக் குமிழி விடுறதை எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்று பாட்டிலை நீட்டினார். கோபம் போகவில்லை, முகத்தில் அப்படியேதான் இருந்தது.

வீட்டில் ஹாரன் சொன்னபடியே செய்தாள். அம்மா பின்னறையில் ஏதாவது சொன்னால், முன்னறைக்கு நடந்து போய் அப்பாவின் காதருகே சொல்லிவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். சில நாள் சிரத்தையாக நடந்தாள். அப்புறம் கால் வலித்தது, வீட்டுப்பாடம் கிடந்தது. "நீங்களே பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் அந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். அம்மா கறுப்பு நூல் கேட்டால் அப்பா பருப்பு வாங்கி வந்தார். அம்மா கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு எதையும் செய்யாமல் இருந்தார். இருவர் முகமும் தொங்கிப்போனது. மகளுக்குக் குற்ற உணர்ச்சி. பயிற்சிக்கு வந்தவள், "நான் பேசாமக் கத்திடவா டீச்சர்? வீட்டுல ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காங்க" என்றாள்.

தான் ஒரு வீட்டைக் கலைத்துவிட்டோமோ என்று டீச்சர் பயந்தாள். பிள்ளையின் குரலும் பெரிதாக ஒன்றும் தேறியிருக்கவில்லை. பள்ளிக்கூட வருஷம் முடியும் முன்பே அவள் ஒப்பந்தக் காலம் வேறு முடியப் போகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியாது.

அப்போதுதான் கதவு விஷயம் நடந்தது. அம்மாவே பிறகு சொன்னது இது.

விடுமுறை நாள். தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு அம்மா திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கதவு உள்ளே தாழ். அப்பா முன்னறையில் படுத்திருந்தார். தட்டினாள். கூப்பிட்டாள். தகரக் கூரையில் மழை, பக்கத்தில் மாவு மில் இரைச்சல். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டினார். டயர் கடைக்காரர் வந்து ஓங்கி இடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்தே அங்கே திரண்டுவிட்டது. உள்ளே என்ன ஆயிற்றோ என்று ஒருவர், மயங்கிக் கிடக்கிறாரோ என்று இன்னொருவர். அம்மா நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றாள்.

சினேகிதி வீட்டிலிருந்து ஹாரன் அப்போது வந்தாள். எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது.

"அதோ வந்தாச்சு! கூப்பிடு பாப்பா. நீ கூப்பிட்டா எந்திரிச்சிடுவார்."

அவள் கதவருகே போனாள். மூச்சை இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம்."

யாருக்கும் புரியவில்லை. அம்மா பக்கத்துச் சந்துக்குள் புகுந்து, கையோடு கொண்டுபோயிருந்த துணி அளக்கிற கோலை ஜன்னல் கம்பிக்குள் விட்டு, படுத்திருந்த கணவரின் விலாவில் குத்தினாள். அவர் அலறிக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்தால் வாசலில் ஊர். எல்லாரும் அவர் உயிரோடு இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்காது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா உள்ளே போய், ஈரப் புடவையோடு அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள்: "நாம குடும்பம் நடத்த பிள்ளையோட தொண்டையைத் தேய்க்கிறோம். எனக்கு இது வேண்டாம்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அவர் காதுகிட்டப் போய் நான் பேசினது அதுதான் முதல் தடவை டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மறுநாள் மோட்டார் அறை வாசலில் அப்பா நின்றார். சலவைச் சட்டை, வாரிய தலை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

டீச்சர் பழைய ஆஸ்பத்திரிக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி போட்ட அறைக்குள் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். சோதனை செய்தவர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். சத்தமே கொடுக்காதபோதும் பொத்தான் விளக்கு எரிந்தது.

டீச்சர் உள்ளே போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "கேக்கலன்னா விட்டுடுங்க. இது பரீட்சை இல்ல. யாரும் ஃபெயில் போட மாட்டாங்க."

அவர் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தார். "எல்லாத்துக்கும் தலையாட்டியே பழகிடுச்சு. கேக்கலன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

இரண்டாவது தடவை விளக்கு பெரும்பாலும் எரியவே இல்லை. இரண்டு காதிலும் கூர்மையான சத்தங்கள் போயிருந்தன. திரும்பி வராது என்றார்கள். காது மெஷின் வைத்தால் மிச்சத்தைக் கொண்டு சமாளிக்கலாம்.

பட்டறை முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். இரவெல்லாம் தூங்காமல், என்னென்னவோ கெஞ்ச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனாராம். முதலாளி கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல், "இது எங்களுக்கு எப்பவோ தெரியுமே, இங்க பாதிப் பேருக்கு இதே கதைதான்" என்று சொல்லிவிட்டார். வேலை போகவில்லை. இரைச்சலைத் தடுக்கக் காதுக்கு மூடியும் யாரும் கொடுக்கவில்லை. பேச்சு டீச்சர் இரண்டு முறை பட்டறை வாசலில் போய் நின்று சண்டை போட்ட பிறகு ஆளுக்கொன்று வந்தது. வியர்க்கிறது என்று பாதிப் பேர் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள்.

காது மெஷின் வந்த முதல் வாரம் அவர் திண்டாடிப்போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம், காகிதம் கசங்குகிற சத்தம், தன் செருப்புச் சத்தம் எல்லாம் அவரை விரட்டின. தன் குரலே தனக்குப் பயமாக இருந்தது. பெண்டாட்டி பேசுவது கேட்டது. அவளும் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்தாள். "இவ இவ்வளவு பேசுவாளா?" என்று அவர் டீச்சரிடம் நிஜமான கவலையோடு கேட்டார்.

ஹாரனின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. 'ஆ' நீண்டது. சாயங்காலத்திலும் வெறும் காற்றாகாமல் ஏதோ ஒன்று மிஞ்சியது. மறுபடியும் கேமரா வைத்துப் பார்த்த டாக்டர், ஒரு பக்கம் முடிச்சு கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது, இன்னொரு பக்கம் இன்னும் இருக்கிறது என்றார். "விடாம செய்யுங்க."

'சரியாகிவிட்டது' என்ற ஒரு வார்த்தைக்காக வந்த டீச்சருக்கு அது கிடைக்கவில்லை. அதே வாரம் புது உத்தரவு வந்தது. நகரத்தின் மறுகோடியில் வேறு நாலு பள்ளிக்கூடம். இங்கே அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அலுவலகத்துக்கு இரண்டு தடவை நடந்தாள். "பாக்கலாம் மேடம்" என்றார்கள். வகுப்பாசிரியைதான், "நானும் அவளும் சாப்பாட்டு நேரத்துல சேர்ந்து குமிழி விடுறோம், நீங்க போங்க" என்றார். போனாள். போன இடத்தில் மனம் ஒட்டவில்லை.

ஒரு நாள் புதுப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்றிருந்தபோது போன் வந்தது. எதிர்முனையில் யாரோ மெல்லப் பேசினார்கள். அம்மா என்று நினைத்து, "கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா" என்றாள்.

"நான் பாப்பாவோட அப்பா" என்றது குரல், அதே மெல்லிய தொனியில். பிள்ளைக்கு ஜலதோஷம், குரல் அடியோடு போய்விட்டது, பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டார். டீச்சர் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள், பேசவிடாமல் வைத்திருக்கச் சொன்னாள், ஒரு வாரத்தில் தேறாவிட்டால் டாக்டரிடம் போகச் சொன்னாள். சொல்லிவிட்டாலும் அவளுக்கே மனம் ஆறவில்லை. விடுமுறை அன்று மூன்று பஸ் மாறி அந்தச் சந்துக்கே போய்விட்டாள். ஹாரன் மூக்கைச் சிந்திக்கொண்டு படுத்திருந்தாள். அப்பா அவள் தலைமாட்டில், முகத்துக்கு நேராகக் குனிந்து எதையோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் குரல் வந்துவிட்டது, முன்பிருந்த அளவுக்கு. அதைவிடக் கூட இல்லை, குறையவும் இல்லை.

கோடை முடிந்து ஹாரன் ஆறாம் வகுப்புக்கு, பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். முதல் நாள் சாயங்காலம் டீச்சர் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளே போன் செய்தாள். அங்கே அவளை யாரும் ஹாரன் என்று கூப்பிடுவதில்லையாம், யாருக்கும் அந்தப் பேர் தெரியாதாம்.

"புது டீச்சர் வந்ததும் கேட்டாங்க. வகுப்பை யாரு அமைதியா வெச்சுப்பீங்கன்னு."

பேச்சு டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிள்ளையின் குரலில் மாலை நேரத்துக் கரகரப்பு லேசாக இருந்தது. மூச்சு இடறவில்லை. "நீ என்ன பண்ணின?"

"கை தூக்கல டீச்சர்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா தூக்கணும் போல இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு."

நல்ல பிள்ளை என்று சொன்னால் அது அந்தப் பெண்ணுக்கு எதற்கு உதவும்? டீச்சர் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பஸ் வந்து, நின்று, அவளை ஏற்றாமல் போய்விட்டது.

"டீச்சர், இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு, உன் பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?"

அவள் சொல்லத் தொடங்கினாள்.